கொரீனும் இரண்டு நாட்டுச் சட்டமும்

என் மனைவி கொரீன் முப்பத்தொன்பது வயதில் சட்டம் படிக்கப் போனாள். ஊரில் பாதிப் பேர் அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றார்கள். மீதிப் பேர், என்னை விவாகரத்து செய்வதற்குத்தான் இப்போதே தயாராகிறாள் என்றார்கள். எனக்கு இரண்டு பேச்சுமே பிடிக்கவில்லை. இருந்தாலும் இரண்டாவது பேச்சைக் கேட்ட அன்று வீட்டுக்கு வரும்போது அவளுக்குக் கேக் வாங்கி வந்தேன்.

நான் கூரைக்காரன். ஓடு வேய்வது, ஒழுகினால் அடைப்பது, புகைபோக்கி கட்டுவது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எழுத்து எனக்குப் பழக்கமில்லாத வேலை. ஆனால் கொரீனைப் பற்றி ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். கூட இருந்தவன் நான், நான்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் பிரான்ஸின் கடைசித் தெரு. எங்கள் வீட்டுப் பின்பக்க வேலிதான் எல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அலோய்ஸ் பாக்கெஸின் உருளைக்கிழங்குப் பாத்தி, அது ஜெர்மனி. அலோய்ஸ் உருக்காலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவன். அவனும் நானும் பேசுவது ஒரே பேச்சு. ஆட்சி பேசுகிற பாஷைதான் வேறு வேறு.

கொரீன் வேலை பார்த்தது ஒரு ஆலோசனை அலுவலகத்தில். இங்கே குடியிருந்து அங்கே போய் வேலை பார்க்கிறவர்கள் எங்கள் பக்கம் ஏராளம். அவர்களுக்கு ஓய்வூதியம், வைத்தியச் செலவு, வேலை நீக்கம் என்று எது வந்தாலும் இரண்டு நாட்டுக் கதவையும் தட்ட வேண்டும். அவள் வாசல் மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பாள். அவ்வளவுதான்.

அங்கே ஃபெர்னான் என்று ஒரு வெல்டர் வந்துகொண்டே இருந்தார். இரண்டு முழங்காலும் போய்விட்டன. ஓய்வூதியம் கேட்டால் ஜெர்மனிக்காரன் பிரான்ஸைக் கேள் என்பான், பிரான்ஸ்காரன் ஜெர்மனியைக் கேள் என்பான். ஒரு நாள் அவர் டோக்கனை வாங்காமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

"ஏம்மா, இத்தன வருஷமா இங்கயே உக்காந்திருக்க. நீயே சொல்லக் கூடாதா?"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதா, சொல்லக் கூடாதா?"

"ரெண்டும்தாங்க."

அன்று மாலை வெங்காயத்தை அவள் நறுக்கவில்லை, கொத்தினாள். நான் எட்டவே நின்றேன்.

"ரெமி, நான் படிக்கப் போறேன்."

"என்ன, சமையலா?"

கத்தி நின்றது. "சட்டம். ரெண்டு நாட்டுச் சட்டமும். ஜெர்மனியில சார்ப்ரூக்கன்ல பாதி, நம்ம பக்கம் மெட்ஸ்ல பாதி. ரெண்டு பாஷையிலயும் பரீட்சை."

"ஒரு நாட்டுச் சட்டமே நமக்குத் தாங்கல."

"உனக்குத் தாங்கல. ஓடுகள எண்ணிக்கிட்டுச் சும்மா இரு."

இப்படித்தான் முடிவாயிற்று. என்னைக் கேட்டு முடிவெடுத்ததாக அவள் வெளியே சொல்லிக்கொண்டாள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

சார்ப்ரூக்கனில் முதல் நாள் வகுப்பில் இவள் நுழைந்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். முன் வரிசைப் பையன் ஒருவன் கேட்டிருக்கிறான்.

"மேடம், இன்னைக்குப் பாடம் நீங்கதான் எடுக்கிறீங்களா?"

"இல்லப்பா. நானும் உன்ன மாதிரி தப்புத் தப்பா எழுதத்தான் வந்திருக்கேன்."

உடனே அத்தனை பேரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டினார்களாம். அங்கே கைதட்ட மாட்டார்கள், மேசையைத்தான் தட்டுவார்கள். வீட்டுக்கு வந்து எங்கள் மகள் மாயெலிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். மாயெலுக்கு அப்போது பதினைந்து வயது. அம்மாவும் தானும் ஒரே மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவது அவளுக்குப் பெரிய அவமானம்.

ஜெர்மன் சட்டப் புத்தகம் என்று ஒன்று வந்தது. சிவப்பு அட்டை, செங்கல் மாதிரி கனம். தைத்த புத்தகம் இல்லை, வளையத்தில் கோத்த மெல்லிய தாள்கள். சட்டம் மாறினால் புதுத் தாள் கட்டு வரும். பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதைக் கோக்க வேண்டும். அந்த வேலை ஞாயிற்றுக்கிழமைகளில் என் தலையில் விழுந்தது. உடைந்த ஓடுகளை எடுத்துவிட்டு நல்ல ஓடுகளைச் சொருகுவது போலத்தான். ஒரு எழுத்துப் புரியாது, ஆனால் என் கை படாத பக்கம் அந்தப் புத்தகத்தில் இல்லை.

ஜெர்மன் பாடங்களில் அவள் நன்றாகவே எழுதினாள். முதல் பெரிய பரீட்சையில் பதினெட்டுக்கு ஒன்பது என்று வந்து நின்றாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"பாதிதானா?" என்றாள் மாயெல். "நான் பாதி வாங்கினா என் ஃபோனப் பிடுங்குவ!"

"அடிப் போடி. அங்க நாலு வாங்கினா பாஸ். ஒன்பது வாங்கினா தெருவுல நின்னு சொல்லிக்கலாம்."

அப்படியே தெருவில் நின்று சொல்லவும் சொன்னாள். வேலிக்கு அப்பாலிருந்து அலோய்ஸ் ஒரு பெட்டி பீரைத் தூக்கிக் கொடுத்தான். "எங்க சட்டத்துல ஒன்பதா! ரெமி, இனிமே நீ ஜாக்கிரதையா இருக்கணும்யா."

பிரெஞ்சுப் பாடத்தில் அடி விழுந்தது. சொத்துரிமைத் தாள். இருபதுக்கு ஆறு. தாய்மொழியில்! பாஸாகப் பத்து வாங்கியிருக்க வேண்டும். விடைத்தாளின் தலைப்பில் பேராசிரியை தீரியோன் அம்மா சிவப்பு மையில் எழுதியிருந்தது ஒரே வரி. "பதில் எங்கே?"

கொரீன் எனக்கு விளக்கினாள். ஜெர்மன் பரீட்சையில் பதிலைக் கடைசியில்தான் சொல்ல வேண்டும். இவனுக்கு உரிமை இருக்கக்கூடுமா என்று கேட்டு ஆரம்பித்து, அதற்கு முதலில் இது வேண்டும், இது இருக்கிறதா, இருக்கிறது, அடுத்து அது வேண்டும், அது இருக்கிறதா என்று ஒவ்வொரு படியாக ஏறி, உச்சியில்தான் பதில். முதலிலேயே பதிலைச் சொன்னால் அங்கே மதிப்பில்லை. பிரெஞ்சில் தலைகீழ். எந்தக் கேள்வியானாலும் முன்னுரையிலேயே உன் நிலைப்பாட்டைச் சொல்லிவிட்டு, விஷயத்தை இரண்டாகப் பிளந்து, இரண்டுக்கும் தலைப்பு வைத்து, ஒவ்வொன்றையும் மறுபடி இரண்டாகப் பிளந்து எழுத வேண்டும். மூன்று கூடாது. ஒன்றும் கூடாது.

"ஏன் ரெண்டு?" என்றேன்.

"ஏன்னு யாருக்கும் தெரியாது. எல்லாம் ரெண்டுதான்."

ஒரு வருஷமாக ஜெர்மன் படியில் ஏறி ஏறி அவள் கை அதற்கே பழகிவிட்டது. பிரெஞ்சுத் தாளிலும் படி ஏறியிருக்கிறாள். எட்டுப் பக்கம் ஏறி, ஒன்பதாம் பக்கத்தில் பதில் சொல்லியிருக்கிறாள். மெட்ஸிலேயே பிறந்து மெட்ஸிலேயே படிக்கிற பிள்ளை இந்தத் தப்பைச் செய்யாது. எங்களை மாதிரி வேலியில் உட்கார்ந்திருக்கிறவர்கள்தான் செய்வார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் மறுதேர்வு. அதிலும் தோற்றால் படிப்பே போயிற்று, மூன்றாம் வாய்ப்புக் கிடையாது. ஜெர்மன் பக்கத்தில் வாங்கியதெல்லாம் வீண். திரும்பப் போய் வாசல் மேசையில் உட்கார்ந்து ஃபெர்னானுக்கு டோக்கன் கொடுக்க வேண்டியதுதான். இதை அவள் வாயால் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோடையில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அந்த ஆகஸ்டில்தான் அலோய்ஸ் ரம்பத்தை எடுத்தான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு மிராபெல் மரம் உண்டு. நெல்லிக்காய் அளவில் மஞ்சள் பழம், தேன் மாதிரி இனிக்கும். அதன் பெரிய கிளை ஒன்று வேலியைத் தாண்டி அவன் உருளைக்கிழங்கின் மேல் கவிந்திருந்தது. அவன் பாத்திக்கு வெயில் இல்லை, விழுந்த பழத்துக்குக் குளவி வேறு. "அடுத்த கோடைக்குள்ள நீ வெட்டு, இல்லேன்னா நான் வெட்டுவேன்" என்று போன வருஷம் பீர் குடிக்கும்போது சொன்னான். பீர் குடிக்கும்போது மனுஷன் ஆயிரம் சொல்வான். நான் சிரித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை கர்ர் கர்ர் என்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பழம் மஞ்சள் கட்டிக்கொண்டிருக்கிற நேரத்தில் என் கிளை அவன் பாத்தியில் கிடக்கிறது. கையில் சுத்தியலோடு வேலிக்குப் போனேன். கூரைக்காரன் கையில் சுத்தியல் எப்போதும் இருக்கும், வேறு அர்த்தமில்லை.

"யோவ் அலோய்ஸ்! என்னய்யா பண்ற?"

"கண்ணு தெரியலையா? வெட்டுறேன்."

"அது என் மரம்யா!"

"மரம் உன்னுதுதான். நிழல் என் மேலதான விழுது."

"பழுக்கிற நேரத்துலயா வெட்டுவ, மனசாட்சி இல்லாதவனே?"

"போன வருஷமே சொன்னேன். நீ சிரிச்ச. இப்ப நான் சிரிக்கிறேன், பாத்துக்க."

"இரு, நான் மேயர்கிட்டப் போறேன்."

"எந்த மேயர்கிட்ட? உன் மேயரா, என் மேயரா?"

எந்த மேயர் என்று நான் யோசித்திருக்கவில்லை. அதனால் குரலை உயர்த்தினேன். அலோய்ஸின் மனைவி ஹில்ட்ரூட் சமையலறை ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கொரீன் கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு, கக்கத்தில் புத்தகத்தோடு வந்தாள்.

"ரெண்டு பேரும் கத்துறத நிறுத்துறீங்களா? எனக்குப் பரீட்சை இருக்கு."

"நல்லதாப் போச்சு, வக்கீலம்மாவே வந்தாச்சு" என்றான் அலோய்ஸ். "நீயே சொல்லு கொரீன், யார் பக்கம் நியாயம்?"

"இதுல கேள்வி என்ன? அவ என் பொண்டாட்டி" என்றேன்.

"நீ வாய மூடு, ரெமி." அவள் அலோய்ஸ் பக்கம் திரும்பினாள். "கிளை உன் நிலத்துக்குள்ள வந்திருக்கா? வந்திருக்கு. அதனால உனக்குக் கெடுதல் உண்டா?"

"உருளைக்கிழங்கப் பாரு. கோலிகுண்டு மாதிரி."

"சரி, உண்டு. முன்கூட்டியே சொல்லி, அவனுக்கு அவகாசம் குடுத்தியா?"

"குடுத்தேன்."

அவன் ஒவ்வொன்றுக்கும் பூசையில் நிற்பவன் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தான். எனக்கு ரத்தம் கொதித்தது.

"ஏய், நீ யார் பக்கம்னு மொதல்ல சொல்லித் தொல! காரணத்த அப்புறம் அடுக்கு! எவ்வளவு நேரம் நான் இப்படியே நிக்கிறது?"

கொரீன் பேச்சை நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அப்படி அவள் பார்த்ததில்லை.

"என்ன சொன்ன?"

"மொதல்ல பதிலச் சொல்லுன்னேன். தப்பா?"

"இல்ல." பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவினாள். "இல்ல, தப்பில்ல. சரி, மொதல்ல பதில். உங்க ரெண்டு பேர்ல யாரும் முழுசா ஜெயிக்கல. ஏன்னா கிளை விஷயத்துல ரெண்டு நாட்டுச் சட்டமும் பிரியுது, பழ விஷயத்துல ரெண்டும் சேருது. ஒண்ணு, கிளை. ஜெர்மன் சட்டப்படி, சொல்லியும் நீ வெட்டலேன்னா அவனே வெட்டலாம். பிரெஞ்சுச் சட்டப்படி, உன்ன வெட்டச் சொல்லி அவன் கட்டாயப்படுத்தலாம், ஆனா அவனே ரம்பத்த வைக்கக் கூடாது."

"பாத்தியா! அவன் தப்பு!"

"மரம் இங்க நிக்குது, கிளை அங்க தொங்குச்சு. எந்தச் சட்டம் பொருந்தும்னு கோர்ட்டுல முடிவாகுறதுக்குள்ள அலோய்ஸ் மூணு தடவ கிழங்கு தோண்டிடுவான். ரெண்டு, பழம். தானா அவன் நிலத்துல விழுந்தா அது அவன் பழம். ரெண்டு நாட்டுலயும் அப்படித்தான்."

"கேட்டுக்க!" என்றான் அலோய்ஸ்.

"தானா விழுந்தாத்தான், அலோய்ஸ். கிளையில தொங்குறவரைக்கும் அது எங்களுது. துடைப்பத்தால தட்டி விட்டா, அது விழுந்த கணக்குல வராது."

ஜன்னல் படாரென்று மூடிக்கொண்டது. ஹில்ட்ரூட் வருஷா வருஷம் துடைப்பத்தோடு அந்தக் கிளைக்குக் கீழே நிற்பதை எங்கள் தெருவே பார்த்திருக்கிறது. அலோய்ஸின் காது சிவந்தது. எனக்கு வந்த சிரிப்பில் சுத்தியல் கீழே விழுந்தது. தானாகத்தான் விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் கொரீனைக் காணோம். சமையலறையில் நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தாள். பிரியும் இடம், சேரும் இடம் என்று இரண்டு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டிரண்டு.

"அதுவா பிளந்துக்குது, ரெமி" என்றாள். "நான் கோடாலி எடுத்து வெட்டணும்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். மரத்துல இருக்கிற கோடு தெரிஞ்சா போதும், தட்டினா பிளந்துக்குது." கோடாலி பிடித்தறியாதவள் சொல்கிறாள், ஆனால் விறகு அப்படித்தான் பிளக்கும்.

அதற்குப் பிறகு வீட்டில் எதைத் தொட்டாலும் இரண்டுதான். "அம்மா, சாப்பிட என்ன இருக்கு?" என்று மாயெல் கேட்டால், "சாப்பாடு உண்டு, ஆனா நீ உதவி பண்ணணும். ஒண்ணு, இருக்கிறது. ரெண்டு, இனிமே ஆக்க வேண்டியது" என்பாள். மாயெல் காதைப் பொத்திக்கொள்வாள். இருந்தாலும் அலோய்ஸிடம் பேசும்போதும், ஜெர்மன் தாளைத் தொடும்போதும், பழைய படி ஏற்றம் வந்துவிடும். பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்கும்போது எழுதிப் பார்த்த ஒரு தாளைக் கசக்கி எறிந்தாள்.

"மறுபடியும் ஏறிட்டேன். நெனப்பு சரியா இருக்கு, கை கேக்க மாட்டேங்குது."

அடுப்பில் காப்பி வைத்தேன்.

பரீட்சை அன்று காலையில் என் வேனைக் கிளப்பினேன். பின்கதவைத் திறந்து அலோய்ஸ் ஏறினான். கையில் ரொட்டியும் தொத்திறைச்சியும் ஒரு புட்டி பிளம் சாராயமும். வேலிச் சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

"நீ எங்கய்யா வர்ற?"

"எங்க சட்டத்துல ஒன்பது வாங்கின பொண்ணு. உங்க ஆளுங்க என்ன பண்றாங்கன்னு பாக்க வேணாமா?"

"சீட்டு இல்ல. ஓட்டு மேலதான் உக்காரணும்."

"உன் ஓடு என் எடைக்கே உடையும்னா, நீ போட்ட கூரையெல்லாம் என்ன லட்சணம்?"

மெட்ஸ் வரைக்கும் ஓட்டு அடுக்கின்மேல் உட்கார்ந்து வந்தான். கொரீன் முன்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் இறங்கும்போது என் சட்டைக் கையைப் பிடித்தாள்.

"தோத்துட்டா என்னை அந்த மேசைக்குத் திரும்பப் போகச் சொல்லாத."

"சொல்ல மாட்டேன்."

"என்ன பண்ணுவ?"

"ஏணியப் பிடிச்சுக்க ஆள் வேணும்."

"அதுக்கு பாஸ் பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நானும் அலோய்ஸும் வேனின் பின்னால் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றோம். ரொட்டி தீர்ந்ததும் அவன், "குளிர்காலத்துல மீதிக் கிளையச் சேந்தே வெட்டிடலாம்யா. இலை இல்லாதப்ப மரத்துக்கும் வலிக்காது" என்றான். "ரம்பம் நான் கொண்டு வர்றேன்" என்றேன். "உன் ரம்பம் மொட்டை" என்றான். சமாதானம் ஆகிவிட்டது.

கொரீன் வெளியே வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

"நம்ம மரம் வந்துச்சா?" என்றேன்.

"வரல. ஒரு பொருளக் கையில வச்சிருக்கிறவனும் அதோட சொந்தக்காரனும்னு தலைப்பு."

"பதில மொதல்லயே சொன்னியா?"

"மொதப் பக்கத்துலயே."

"ரெண்டா?"

"ரெண்டா. அதுக்குள்ளயும் ரெண்டு ரெண்டு." கொஞ்ச தூரம் வந்த பிறகு சொன்னாள். "நடுவுல ஒரு இடத்துல கை தன்னால படி ஏற ஆரம்பிச்சிருச்சு. பாதிப் பக்கம் போனப்புறம்தான் பாத்தேன். அடிச்சுட்டு மறுபடி எழுதினேன். அசிங்கமா இருக்கும்."

அந்த அடித்தலை நினைத்து நினைத்து இரண்டு வாரம் தூக்கம் கெட்டாள்.

முடிவு வந்த அன்று நான் ஜெர்மன் பக்கத்தில் ஒரு வீட்டுக் கூரை முகட்டில் கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஃபோன் அடித்தது.

"பதினொண்ணு" என்றாள்.

"எத்தனைக்கு?"

"எத்தனைக்கா? இருபதுக்குத்தான், மக்கு! பாஸ்!"

"பதினெட்டுக்கா இருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்ல?"

மறுமுனையில் அவள் சிரித்தாள். அந்தக் கோடையில் முதல் சிரிப்பு. நான் கூரை ஓடு ஒன்றை எடுத்து விரல் முட்டியால் தட்டினேன், அவள் வகுப்பில் தட்டுவார்களே, அப்படி. கீழே வீட்டுக்காரர், "என்னங்க, ஓடு விரிசலா?" என்று கேட்டார். "இல்லீங்க, என் பொண்டாட்டி பாஸ்" என்று கத்தினேன். அவரும் என்ன புரிந்துகொண்டாரோ, ஏணியை விரலால் தட்டினார்.

பிப்ரவரியில் அலோய்ஸும் நானும் மரத்தை ஒழுங்காகக் கவாத்து செய்தோம். என் ரம்பம் உண்மையிலேயே மொட்டைதான்.

இப்போது கொரீன் மூன்றாம் வருஷம். பயிற்சிக்காக அதே அலுவலகத்தில் சேர்த்துக்கொண்டார்கள். வாசல் மேசையில் இல்லை, உள் அறையில், ஆலோசகருக்குப் பக்கத்து நாற்காலியில். போன வாரம் அவளை அழைத்து வரப் போய், வரிசையில் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். ஃபெர்னான் கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே போனார். அவர் விவகாரம் இன்னும் முடியவில்லை. கதவைச் சாத்த மறந்துவிட்டார்.

ஆலோசகர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கொரீனைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவள் இரண்டு நாட்டுத் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"உங்களுக்குப் பதில் மொதல்ல வேணுமா, காரணம் மொதல்ல வேணுமா?"

"பதிலச் சொல்லும்மா" என்றார் ஃபெர்னான். "முட்டி வலிக்குது."

"கிடைக்கும்" என்றாள் கொரீன். "ரெண்டு நாட்டுலேருந்தும். இப்ப உக்காருங்க, ஏன்னு சொல்றேன்."